கிளச் இல்லாத பைக்

பெண்சாதியின் காரைக் கராஜிலிருந்து எடுத்துத் தெருவில் விட்டுவிட்டு, அது நின்ற இடத்தில் ஒரு ரப்பர் பட்டியைக் கொண்டுவந்து படுக்க வைத்த மனிதனோடு எந்தப் பெண்தான் முகம் கொடுத்துக் கதைப்பாள்? ரஞ்சினி ஒரு கிழமையாகக் கதைக்கவில்லை. அது ஒரு தண்டனை என்றுகூடச் சிறிதரனுக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. காலையில் எழும்பினார், தேத்தண்ணி போட்டார், கோப்பையின் பிடி அவளுடைய வலக்கைப் பக்கம் வருமாறு திருப்பி வைத்தார், வேலைக்குப் போனார்.

அது சும்மா கார் இல்லை. அவர்கள் குடியேறி வாழ்கிற கிரான்பர்னில் அந்தச் சிவப்புக் காரைத் தெரியாத தமிழ்ச் சனம் குறைவு. விமான நிலையமோ, வீணை வகுப்போ, கரம் டவுன்ஸ் கோயில் திருவிழாவோ, ஆருக்கு எங்கே போக வேண்டுமென்றாலும் "ரஞ்சினி அன்ரியைக் கேளுங்கோ" என்பதுதான் பேச்சு. அவளும் கேட்டவுடன் கார்த் திறப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கெதியாக ஓடுவாள், ஆனால் வடிவாக ஓடுவாள். சிறிதரனோ ஃப்ரீவேயில்கூட எண்பதைத் தாண்டாத மனுசன். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால் கை காட்டி மன்னிப்புக் கேட்பார்.

போன வருடம் குளிர் காலத்தில் ஒரு காலை, குசினியில் தோசைக்கு நின்றவளின் இடக்கையிலிருந்து மாச்சட்டி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், கை வரவில்லை. சின்ன ஸ்ட்ரோக் என்றார்கள். கால் திரும்பி வந்தது, பேச்சும் திரும்பி வந்தது. கதைக்காமல் இருக்கிற அளவுக்கு வந்துவிட்டது என்று அவளே பகிடி விடுவாள். இடக்கை விரல்கள் மட்டும் முழுக்க வரவில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அழுத்திப் பிசையச் சொன்னால் நடுங்கும். திரும்பச் சோதித்துப் பார்க்கும் வரைக்கும் கார் ஓடக் கூடாது என்று லைசென்ஸையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அதோடு சிறிதரனுக்கு ஒரு பழக்கம் வந்தது. அவளுடைய முழங்கையைப் பிடிப்பது. படியில் பிடிப்பார், கடையில் பிடிப்பார், கோயில் வீதியில் சுற்றும்போதும் பிடிப்பார். கையை உதறினால் விடுவார், அடுத்த திருப்பத்தில் மறுபடியும் பிடிப்பார். பார்க்கிற அன்ரிமார் எல்லாம் "என்ன மாதிரி வைச்சுப் பாக்கிறார்!" என்று உருகினார்கள். ரஞ்சினிக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஊரையே ஏற்றி இறக்கிய தன்னை ஒரு மனுசன் கோழிக்குஞ்சு மாதிரிப் பொத்திக்கொண்டு திரிகிறானே என்று உள்ளுக்குள் அழுதாள். வாய் விட்டுச் சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள்.

அதற்குள்தான் அந்த ரப்பர் பட்டி வந்து சேர்ந்தது.

அது அருந்தவனின் சாமான். அருந்தவன் சிறிதரனோடு படித்தவர், இங்கே லொறி ஓட்டுகிறார். அவருடைய தம்பி கனடாவில் ஸ்னோ பைக் வைத்திருக்கிறவன். புதிதாக ஒன்று வாங்கியதும் பழைய பட்டியையும் பனியில் சறுக்குகிற ஸ்கீயையும் அண்ணனுக்கு வந்த கண்டெய்னரில் போட்டு அனுப்பிவிட்டான். சாதாரண டேர்ட் பைக் ஒன்றை எடுத்து, பின் சில்லைக் கழற்றிவிட்டு இந்தப் பட்டியைப் பூட்ட வேண்டும், முன் சில்லுக்குப் பதிலாக ஸ்கீயைப் பூட்ட வேண்டும். பனிக்கு மேலே ஓடும். ஓமியோப் பக்கம் மலைக்குள் அருந்தவன் வாங்கிப் போட்டிருக்கிற காணியில் குளிர் காலம் முழுக்கப் பனி. சொந்தக் காணி, கேட்க ஆளில்லை. ஆனால் அருந்தவனுக்கு நேரமில்லை, லொறி யார்டில் இடமில்லை. "எனக்குத் தா" என்று வாங்கிக்கொண்டு வந்தவர் சிறிதரன்.

"இனி ஒரு பைக் பாத்தால் சரி" என்று அவர் கராஜில் நின்று சொன்னபோது ரஞ்சினிக்குத் தலை சுற்றியது. வாழ்க்கையில் ஒரு மோட்டார் சைக்கிளைக்கூட ஓடியிராத மனுசன்! பைசிக்கிள்தான் அவருடைய உச்சம். இந்த வயதில் இந்த ஆளுக்குப் பனியில் பைக் ஓட ஆசை வந்திருக்கிறது, அதற்கு இடம் வேண்டுமென்று என்னுடைய காரைத் தெருவில் விட்டிருக்கிறார், ஏனென்றால் நான் இனி அதை ஓட மாட்டேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவள் அப்படித்தான் கணக்குப் போட்டாள். அதனால்தான் அந்த ஒரு கிழமை மௌனம்.

சனிக்கிழமை பைக் பார்க்கப் போகும்போது தன்னுடைய காரில் அவளையும் கூட்டிக்கொண்டு போனார். தனியே வீட்டில் விடப் பயம். அவள் காருக்குள்ளேயே இருந்தாள், கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டாள்.

முதலாவது பைக் பக்கன்ஹாமில் ஒரு பெடியனுடையது. பற்றரி இறங்கியிருக்க வேண்டும், ஸ்ராட் வரவில்லை. பெடியன் வயர் எடுத்துவர உள்ளே போனான். அவன் திரும்பி வந்து பார்த்தபோது சிறிதரன் பைக்கின் சீற்றைக் கழற்றி வைத்துவிட்டு, சேட் பொக்கற்றிலிருந்து கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்து, காற்று போகிற வழிக்குள் சொட்டுச் சொட்டாக விட ஆயத்தமாக நின்றார்.

"வோவ், வோவ், மேட்! வட் ஆர் யூ டூயிங்?"

"லிற்றில் பெற்றோல்," என்றார் சிறிதரன் பணிவாக. "ஃபோர் த காபரேற்றர்."

"இட் டஸின்ற் ஹாவ் எ காபரேற்றர்!"

காருக்குள் இருந்த ரஞ்சினிக்குச் சிரிப்பு வெடித்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். மனுசன் முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாரே! யாழ்ப்பாணத்தில் சண்டையால் பெற்றோல் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் அந்தப் போத்தல் இல்லாத வீடு இல்லை. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய்க்குச் சூடில்லாமல் பற்றாது, அதனால் ஸ்ராட் எடுக்க மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். தங்கத்தைப் போல எண்ணி விடுவார்கள். ஆனால் சிறிதரனிடம் அப்போது போத்தலும் இருக்கவில்லை, மோட்டார் சைக்கிளும் இருக்கவில்லை. இரண்டும் ரஞ்சினியிடம்தான் இருந்தன.

அவளுடையது சாலி என்கிற குட்டி மோட்டார் சைக்கிள். சின்னச் சில்லு, பதிந்த சீற், முன்னால் ஒரு கூடை. கிளச் கிடையாது, கியரைக் காலால் தட்ட வேண்டும், அக்சிலேற்றரை முறுக்க வேண்டும், போய்க்கொண்டே இருக்கும். ஊரில் எத்தனையோ பெண்கள் சாலி ஓடினார்கள். ரஞ்சினி அளவுக்கு அதை விரட்டியவர்கள் இல்லை. அச்சுவேலியிலிருந்து நெல்லியடிக்கு ரியூட்டரியில் இங்கிலிஷ் படிப்பிக்கப் போவாள். இடையில் வல்லை வெளி. வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த வெளியைச் சைக்கிளில் கடக்கிறதென்றால் பெரும்பாடு. மிதித்தாலும் மிதித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதே ரியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிற ஒல்லி மாஸ்டர் ஒருவர் ஒவ்வொரு நாளும் அங்கே தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருப்பார். அவள் விலத்திக்கொண்டு போவாள்.

ஒரு நாள் விலத்தும்போது சாலி பாரமாக இழுத்தது. கண்ணாடியில் பார்த்தாள். கணக்கு மாஸ்டர் அவளுடைய கரியரைப் பிடித்துக்கொண்டு, மிதிக்காமல், அவள் விடுகிற மண்ணெண்ணெய்ப் புகை முழுவதையும் முகத்தில் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அடேயப்பா, என்ன துணிவு! வெளி முடிந்தது, காற்றும் விட்டது. அவர் விடவில்லை. நெல்லியடிச் சந்தி வரைக்கும் விடவில்லை. சந்தியில் நிற்பாட்டித் திரும்பினாள்.

"ஆரைக் கேட்டுப் பிடிச்சனீங்கள்?"

அவர் பதில் சொல்லவில்லை. புகை படிந்த முகத்தைத் துடைத்தார், சிரித்தார், ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் வெளியின் தொடக்கத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கிக் காத்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். சாலி இடம்பெயர்வோடு போனது. கொடிகாமத்தில் ஒரு வீட்டின் பின்கோடிக்குள் விட்டுவிட்டு நடந்தார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. மனுசன் மட்டும் கூடவே வந்தார்.

"சிரிச்சது காணும்," என்றபடி பெடியனின் பைக்கை விட்டுவிட்டுக் காருக்குள் ஏறினார் சிறிதரன்.

"உங்களுக்கு விசரே? இந்தக் காலத்துப் பைக்கில காபரேற்றர் இருக்குமே?" ஒரு கிழமைக்குப் பிறகு அவள் கதைத்த முதல் வசனம் அதுதான். அவர் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டது முகத்தில் தெரிந்தது. அவளுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் போனார்கள். நரே வொரனில் ஒன்று, ஹம்ப்டன் பார்க்கில் ஒன்று, பெரிய பெரிய நானூற்றைம்பது சீசீப் பைக்குகள். ஒவ்வொன்றிலும் சிறிதரன் ஏறி இருப்பார், கால் எட்டாது, நுனிக்காலில் நிற்பார். அதைவிடப் பெரிய கூத்து, ஏறியதும் இடக்கையைக் களிசான் பொக்கற்றுக்குள் விட்டுக்கொள்வார். வலக்கையால் மட்டும் ஹாண்டிலைப் பிடித்து அங்கும் இங்கும் திருப்பிப் பார்ப்பார். இரண்டாவது இடத்தில் பைக் சரிந்து, விற்கிறவன் பாய்ந்து பிடித்தான். "இது சரிவராது," என்று இறங்கி வருவார். ஏன் சரிவராது என்று கேட்டால் "பாரம்" என்பார், "உயரம்" என்பார், ஒன்றுமில்லாவிட்டால் "மனசுக்குப் பிடிக்கேல்லை" என்பார். பெண் பார்க்கப் போனவர் மாதிரி!

ரஞ்சினிக்கோ, தன்னை அறியாமலே, ஒவ்வொரு பைக்கையும் காருக்குள் இருந்தபடி காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. இதில் சங்கிலி தளர்ந்திருக்கிறது. அது ஐடிலில் இருமுகிறது. இன்னொன்று நல்லது, ஆனால் இந்த மனுசனுக்கு எங்கே விளங்கப் போகிறது. வாயைத் திறந்து சொல்லவில்லை. என்னைக் கேட்டாரா? இல்லையே. இந்த வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிந்த ஒரே ஒரு ஆளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

பேர்விக்கில் ஒரு வீட்டுக்குப் போன அன்றுதான் குட்டு உடைந்தது. அங்கே நின்றது ஒரு நூற்றுப்பத்து. சிவப்பு. முழங்கால் உயரம். சிறிதரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஏறினார், இரண்டு காலும் நிலத்தில் பதிந்தன, இடக்கை பொக்கற்றுக்குள் போனது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நோ கிளச்?"

"நோ கிளச், மேட். பேர்ஃபெக்ற் ஃபோர் கிட்ஸ். ஹௌ ஓல்ட் இஸ் யுவர் கிட்?"

"நொட் ஃபோர் கிட்," என்றார் சிறிதரன். "ஃபோர் மை வைஃப். ஹேர் லெஃப்ற் ஹாண்ட் இஸ் வீக்."

கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழுந்தது. ரஞ்சினி கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். அவள் வருவதைக் கண்டதும் சிறிதரன் பொக்கற்றிலிருந்து கையை எடுத்தார், களவு பிடிபட்டவரைப் போல.

"ஆரைக் கேட்டு?" என்றாள். "ஆரைக் கேட்டு எனக்குப் பைக் பாக்கிறீங்கள்?"

விற்கிற மனிதன் வீட்டுக்குள் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"கேட்டால் நீர் வேண்டாம் எண்டிருப்பீர்."

"ஓம், எண்டிருப்பன்! பிள்ளையளின்ரை பைக்கில கொண்டுபோய் ஏத்தப் பாக்கிறீங்கள். பாவம் பாக்கிறீங்கள் என்ன? கார் ஓட ஏலாதவளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான்!"

"இல்லையப்பா."

"பின்னை என்ன?"

சிறிதரன் அந்தக் குட்டிப் பைக்கை விட்டு இறங்கவில்லை. ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். "லைசென்ஸ் வரட்டும், வராமல் போகட்டும், அது அவங்கடை கையில. அருந்தவன்ரை காணியில ஆரும் லைசென்ஸ் கேக்க மாட்டினம். பனியில விழுந்தாலும் நோகாது. நீர் கராஜ் வாசலில கதிரையைப் போட்டு இருந்துகொண்டு அந்தக் காரைப் பாத்துக்கொண்டு இருந்தீர். ஒவ்வொரு நாளும் பாத்தீர். எனக்கு அதைப் பாக்க ஏலாமல் கிடந்தது, ரஞ்சினி. அதுதான் காரைக் கண்ணுக்கு முன்னால விடாமல் வெளியில விட்டனான். நீர் அக்சிலேற்றரை முறுக்கேக்கை ஒரு முகம் வைச்சிருப்பீர். அதை ஒருக்காப் பாக்கோணும் போல கிடந்தது. அவ்வளவுதான்."

ரஞ்சினிக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து நின்றதில் என்ன செய்வதென்று தெரியாமல், கராஜ் கதவையும் வாசலில் கிடந்த பந்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை சனிக்கிழமை! ஒற்றைக் கையால் ஓட முடியுமா என்று பார்க்க மனுசன் ஊர் ஊராகப் போய் விழப் பார்த்திருக்கிறார்.

"இறங்குங்கோ," என்றாள் கடைசியில். "இது அந்தப் பட்டியை இழுக்குமெண்டே நினைக்கிறீங்கள்? ரெண்டு மா மூட்டை வைச்சால் என்ரை சாலியே புத்தூர்ப் பக்கம் மூச்சு வாங்கினது. இதுக்கு ஸ்னோவில பட்டியைச் சுத்தவே சத்துக் காணாது."

"கிளச் இல்லை, இடக்கைக்கு வேலையில்லை எண்டு பாத்தனான்…"

"இனி நான் பாக்கிறன்."

அன்றிலிருந்து வீட்டில் ரஞ்சினியின் ஆட்சி. கனடாவில் இருக்கிற அருந்தவனின் தம்பிக்கு அவளே போன் எடுத்தாள். அவன் ஒரு நல்ல செய்தி சொன்னான். கிளச் இல்லாத பைக்கைத் தேடத் தேவையில்லை. நல்ல பைக்காக ஒன்றை எடுத்து, அதன் கிளச்சுக்குள் ஒரு சாமானைப் பூட்டினால் போதும். அக்சிலேற்றரைக் கூட்டினால் அது தானாகப் பிடிக்கும், குறைத்தால் தானாக விடும். இடக்கைக்கு வேலை இல்லை, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு இருந்தால் சரி.

"அப்ப சாலி மாதிரியோ?"

"ஓம் அக்கா, அசல் சாலி மாதிரித்தான். ஆனால் ஒண்டு, பட்டன் ஸ்ராட் உள்ளதாப் பாருங்கோ. பனிக்குள்ள நிண்டு உதைக்க ஏலாது, கால் புதையும். காபரேற்றர் பைக்கும் வேண்டாம், மலையில குளிருக்குள்ள ஆட்டம் காட்டும்."

"அதை இவருக்குச் சொல்லு," என்றாள். சிறிதரன் தலையைக் குனிந்துகொண்டு கீரை ஆய்ந்தார்.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிள்ளையிடமும் கேட்டாள். அவள் நெடுநேரம் யோசித்தாள், டொக்டரையும் கேட்டாள், பிறகு தட்டையான நிலம், மெதுவான ஓட்டம், தலைக்கவசம், பக்கத்தில் ஆள் என்று நாலு கட்டளை போட்டு ஓமென்றாள். சிட்னியில் இருக்கிற மகள் வினுஷாதான் குதித்தாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? அப்பா, ஹாவ் யூ லொஸ்ற் இற்?" ஆனால் போனை வைக்கும்போது, "சென்ட் மீ எ வீடியோ" என்றாள்.

பைக்கை வொரகல் தாண்டி ஒரு பால் பண்ணையில் கண்டார்கள். முந்நூற்றைம்பது. காட்டுப் பாதைக்கென்று செய்தது, பந்தயப் பைக் மாதிரித் திமிராது. விற்றவள் டெப் என்ற பெண். ரஞ்சினியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும், வெயிலில் காய்ந்த முகம், நொண்டி நொண்டி வந்தாள். இடுப்பு மாற்றியாகிவிட்டதாம், இனி ஓடக் கூடாதாம். பைக்கைத் துடைத்து வைத்திருந்தாள். சிறிதரன் வழக்கம் போலக் கிட்டப் போகப் பார்த்தார். ரஞ்சினி ஒரு பார்வை பார்த்தாள், நின்றுவிட்டார்.

டெப் அவளுடைய இடக்கையைப் பார்த்தாள். பார்த்தது தெரிந்தது. ஆனால் அன்ரிமார் வைக்கிற அந்த முகத்தை வைக்கவில்லை. "யூ ஸ்ராட் ஹேர்," என்று மட்டும் சொல்லிவிட்டு விலகி நின்றாள்.

பட்டன் வலப்பக்கத்தில் இருந்தது. ரஞ்சினி பெருவிரலால் அழுத்தினாள். ஒரே அழுத்தில் எடுத்தது. இருமல் இல்லை, தடுமாற்றம் இல்லை, சீரான சத்தம். வலக்கையை அக்சிலேற்றரில் வைத்து மெல்ல முறுக்கினாள். உள்ளங்கையில் அந்த நடுக்கம் ஏறியது, முழங்கை வழியாகத் தோளுக்குப் போனது, அங்கிருந்து நெஞ்சுக்குள் இறங்கியது. ஐயோ, எவ்வளவு காலம்! மண்ணெண்ணெய் மணமும் வல்லை வெளிக் காற்றும் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சிறிதரன் வேலியடியில் நின்று அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். இவ்வளவு பாடுபட்டவர், பார்க்கட்டும்.

"இதுதான்," என்றாள்.

டெப் பைக்கின் பெற்றோல் தாங்கியில் ஒரு தட்டுத் தட்டி வழியனுப்பினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் நொண்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள். அன்று வரும் வழியெல்லாம் ரஞ்சினி அவளைப் பற்றியே கதைத்தாள்.

அருந்தவனின் லொறி மெக்கானிக் கிளச்சுக்குள் அந்தச் சாமானைப் பூட்டினான். பட்டியும் ஸ்கீயும் ஏறின. கராஜில் நின்ற உருவத்தைப் பார்த்தால் பைக்குக்கும் புல்டோசருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. சிவப்புக் காரைச் சிறிதரன் கழுவித் துடைத்து வீட்டு முன்றலில் கொண்டுவந்து விட்டார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் அவருக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தாள்.

ஆவணி மாதம், இந்த நாட்டில் அது குளிர் காலம், நல்ல பனி விழுந்த கிழமை, அருந்தவனும் சேர்ந்து மூன்று பேரும் மலைக்குப் போனார்கள். அருந்தவனின் காணி நடுவில் அகலமான வெளி, ஓரமெல்லாம் மரம், எங்கும் வெள்ளை. லொறியிலிருந்து பைக்கை இறக்கினார்கள். விழுந்தால் என்ஜின் தானாக நிற்கும்படி ஒரு நாடாவை அவளுடைய மணிக்கட்டில் கட்டினார் சிறிதரன். கட்டி முடித்தும் கையை விடவில்லை. முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா, விட்டால்தானே ஓடலாம்."

"பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான்," என்றாள். வலக்கையால் அவருடைய பிடியைக் கழற்றிவிட்டு ஏறி இருந்தாள்.

முதல் தடவை பத்தடி போய்ப் பொத்தென்று பனிக்குள் சரிந்தாள். என்ஜின் நின்றது. சிறிதரன் கத்திக்கொண்டு ஓடிவந்து, அவரும் புதைந்து விழுந்தார். அருந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நோகவில்லை. மெத்தையில் விழுந்த மாதிரித்தான் இருந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் தூரம் போனாள். மூன்றாம் தடவை பின்னால் பட்டி உறுமிக்கொண்டு பனியை வாரியடிக்க, ஸ்கீ வழுக்கிக்கொண்டு முன்னே போக, இடக்கை சும்மா ஹாண்டிலில் கிடந்தது. அதற்கு வேலை இல்லை. ஆனால் அதுவும் அங்கேதான் இருந்தது, மற்றக் கையோடு சேர்ந்து.

ஆனாலும் தூரம் போக அவர் விடவில்லை. பக்கத்திலேயே மூச்சு வாங்க வாங்க ஓடினார். அவளும் அவருக்காக நிற்பாட்ட வேண்டியிருந்தது. ஐம்பது தாண்டிய மனுசன் பனியில் விழுந்தெழும்பி ஓடினால் இன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு இன்னொரு ஆளைத்தான் கொண்டுபோக வேண்டிவரும்.

"அருந்தவன் அண்ணை, அந்தத் தட்டை எடுங்கோ," என்றாள். பிள்ளைகள் இருந்து சறுக்குகிற பிளாஸ்ரிக் தட்டு ஒன்று லொறிக்குள் கிடந்தது. பக்கத்தில் ஒரு நீளக் கயிறும் கிடந்தது. கயிற்றின் ஒரு நுனியைப் பைக்கின் பின்பக்கத்தில் கட்டச் சொன்னாள். "இதில இருங்கோ. மற்றப் பக்கத்தைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. கரியர் இல்லை, கயிறுதான்."

சிறிதரன் அவளைப் பார்த்தார். பிறகு பெரிய ஜக்கெற்றும் தொப்பியுமாக, அந்தத் தட்டில் சம்மணம் கட்டி இருந்தார். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றப் போனார். "சுத்தாமல் பிடி மச்சான், விழுந்தால் கை போகும்," என்று அருந்தவன் அதட்டினார்.

அக்சிலேற்றரை முறுக்கினாள். கயிறு விறைத்தது. அதே பாரம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அதே மனுசனின் அதே பாரம். இந்தப் பைக்கில் கண்ணாடி கிடையாது, பின்னால் பார்க்க வழியில்லை. தேவையுமில்லை. வெளியின் நடுவால் நேரே விட்டாள். எதிர்க்காற்று முகத்தைக் கிழித்தது. பின்னால் பனித்தூள் முழுவதும் அவருடைய முகத்துக்குத்தான் போகும் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. அன்றைக்குப் புகை, இன்றைக்குப் பனி, வாங்கிக்கொண்டு வாற ஆள் ஒன்றுதான். சத்தம் போட்டுச் சிரித்தாள், அழவும் செய்தாள். ஆர் கேட்கப் போகிறார்கள்!

வெளியின் பாதியில் பைக் திடீரென்று இலேசாகிவிட்டது. விழுந்துவிட்டார் என்று நினைத்தாள். வேகத்தைக் குறைத்து அகலமாகத் திருப்பினாள். தூரத்தில் சிறிதரன் தட்டில் அதே சம்மணத்தோடு இருந்தார். விழவில்லை. இரண்டு கையையும் தூக்கி, போம், போம் என்று ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வருடமாகத் தன்னுடைய முழங்கையை விடாத மனுசன்.

ரஞ்சினி நிற்பாட்டவில்லை. திருப்பிய பக்கமே போனாள். மர ஓரத்தால், சரிவின் அடியால், அருந்தவனின் தகரக் கொட்டிலைச் சுற்றி, வெளியின் அந்தத் தொங்கல் வரைக்கும் தனியே போனாள். பக்கத்தில் ஒருவரும் ஓடி வரவில்லை. பின்னால் பாரம் இல்லை. வெறுங்கயிறு பனியில் இழுபட்டுக்கொண்டு வந்தது. போதும் என்று தோன்றிய பிறகுதான் திரும்பினாள், ஆறுதலாக வந்து அவருக்கு முன்னால் நிற்பாட்டினாள்.

மீசையெல்லாம் பனி. கண்ணிமையிலும் பனி. அன்றைக்கு நெல்லியடிச் சந்தியில் நின்ற அதே அசட்டுச் சிரிப்பு.

"ஆரைக் கேட்டு விட்டனீங்கள்?" என்றாள்.

சிறிதரன் கையுறையால் முகத்தைத் துடைத்தார். முப்பது வருடமாகச் சொல்லாத பதிலை இந்த முறை சொன்னார்.

"பிடிக்கேக்கையும் கேக்கேல்லைத்தானே."

அவள் இறங்கவில்லை. பின்னால் கிடந்த கயிற்றைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.